பிறர் கண்ணால் பார்க்கும் கருவி

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்பது பழமொழி. அப்படியானால், நோயாளியிடம் பரிவு காட்ட வேண்டிய மருத்துவரும் செவிலியரும் எல்லா நோய்களையும் தாமே அனுபவித்தாக வேண்டுமா? அது ஆகாத காரியம். ஆனால் சில நிமிடங்களாவது பிறர் நிலையில் இருந்து பார்க்க இன்றைய விஞ்ஞானம் ஒரு வழி கண்டிருக்கிறது. அதைப் பற்றி இங்கே காண்போம்.

மெய்நிகர் காட்சிக் கருவி என்பது தலையில் மாட்டிக்கொள்ளும் பெரிய கண்ணாடி போன்றது. இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட படங்களை அது காட்டுவதால் காட்சியில் ஆழம் தெரிகிறது. நாம் தலையைத் திருப்பினால் காட்சியும் உடன் திரும்புகிறது. எனவே படம் பார்க்கிறோம் என்பதையே மறந்து, அந்த இடத்தில் இருப்பதாக மனம் நம்பிவிடுகிறது. 1968-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஐவன் சதர்லண்ட் என்னும் அறிஞர் இத்தகைய கருவி ஒன்றை உருவாக்கிக் காட்டினார்.

கேரி ஷா என்ற அமெரிக்கப் பெண்மணியின் தாயாருக்கு அல்ஸைமர் என்னும் மறதி நோய் வந்தது. இரு கண்களிலும் இடப்பக்கப் பார்வையும் மறைந்தது. மகள் என்ன செய்தார் தெரியுமா? ஒரு கண்ணாடியின் இடப்பக்கத்தை ஒட்டுநாடாவால் மறைத்து, தாயாரைக் கவனிக்க வந்தவர்களை அணிந்து பார்க்கச் சொன்னார்! பின்னர் 2016-இல் எம்பாடிட் லேப்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் படைப்பில், கருவியை அணிபவர் ஏறக்குறைய ஏழு நிமிடங்களுக்கு 74 வயது ஆல்ஃபிரட் ஆகிவிடுகிறார். பார்வையின் நடுவே கரும்புள்ளி மறைக்கிறது. பேச்சொலி தெளிவாகக் கேட்பதில்லை. மற்றவர்களோ முதியவரின் புத்தி தடுமாறுகிறது என்று ஐயுறுகிறார்கள். குறை புத்தியில் இல்லை, கண்ணிலும் காதிலும்தான் என்பதைப் பயிலும் மாணவர் அப்போது தாமே உணர்கிறார்.

செயற்கை நுண்ணறிவும் இப்பணிக்கு உதவுகிறது. கணிப்பொறியே நோயாளியாகப் பேச, பயிற்சி பெறுபவர் பதில் சொல்கிறார். இடையில் குறுக்கிட்டாரா, புரியாத சொற்களைப் பயன்படுத்தினாரா என்பதைப் பிறகு அது சுட்டிக்காட்டும். 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், இணையத்தில் மக்கள் கேட்ட 195 மருத்துவக் கேள்விகளுக்கு மருத்துவர் தந்த பதில்களும் இயந்திரம் தந்த பதில்களும் ஒப்பிடப்பட்டன. பரிவு மிக்கவை என மருத்துவத் துறையினர் மதிப்பிட்டவை, இயந்திரத்தின் பதில்களில் 45.1 சதவிகிதம், மருத்துவரின் பதில்களில் 4.6 சதவிகிதமே! இயந்திரத்துக்கு இதயம் உண்டா? இல்லை. அது சொற்களைத்தான் அடுக்குகிறது. ஆனால் அது நிதானமாக, விரிவாகப் பதில் சொன்னது. மருத்துவரின் பதில்களோ மிகச் சுருக்கமாக இருந்தன.

இவ்வழியில் குறையும் உண்டு. ஏழு நிமிடம் முடிந்ததும் நாம் கருவியைக் கழற்றிவிடலாம். ஆல்ஃபிரட் போன்றோரால் முடியாது. எல்லாம் தெரிந்துவிட்டது என்று எண்ணுவதும் தவறு.

விலை உயர்ந்த கருவி இல்லாமல், எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் சோதித்துப் பார்த்தோம். பழைய கண்ணாடியில் ஒட்டுநாடா ஒட்டி, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நடமாடினோம். தண்ணீர்த் தம்ளரைத் தட்டிவிட்டோம். அம்மா சமையலறையிலிருந்து இருமுறை கூப்பிட்டது விளங்கவில்லை. மூன்றாம் முறை, "காதிலே விழலையா?" என்று அம்மா கத்தியபோது மனம் சுருக்கென்றது. பாட்டியிடம் நாங்கள் தினமும் கேட்கும் கேள்வி அல்லவா அது!

நம்மில் பலர் நாளை மருத்துவராகவும் செவிலியராகவும் ஆசிரியையாகவும் ஆகப் போகிறோம். அதற்கான பயிற்சியை வீட்டிலேயே தொடங்கலாமே! அன்று மாலை பாட்டியின் எதிரில் உட்கார்ந்து, முகம் பார்த்து, நிதானமாகப் பேசினோம். பாட்டி முதல் தடவையிலேயே பதில் சொன்னார்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி