பிள்ளை மருந்தல்ல: கரு இழந்தபின் தத்தெடுப்பவருக்கு உறவுகள் எப்படித் துணை நிற்கலாம்?

"ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்துப் பாரு, அப்புறம் உன் வயித்துலயே தங்கும்." கரு கலைந்த பெண்ணிடம் மலேசியாவில், செமினியிலும் கிள்ளானிலும், பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் இது. நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வார்த்தை, அழவேண்டியவளை அழவிடுவதில்லை. வரப்போகும் பிள்ளையையும் இன்னொரு பிள்ளைக்கான மருந்தாக்கிவிடுகிறது.

கணக்கில் வராத துக்கம்

உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடியே 30 லட்சம் கருச்சிதைவுகள் நேர்கின்றன என்று 2021இல் லான்செட் மருத்துவ இதழ் மதிப்பிட்டது. உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குச் சுமார் பதினைந்து இப்படி முடிகின்றன. இவ்வளவு பேருக்கு நேர்ந்தும், நம் வீடுகளில் இதற்குக் கருமாதி இல்லை, துக்கம் விசாரிக்க வருவோரும் குறைவு.

சட்டமும் ஒரு கோடு போடுகிறது. மலேசிய வேலைச் சட்டப்படி மகப்பேற்று விடுப்பு 98 நாள். கர்ப்பம் 22 வாரத்தை எட்டியிருந்தால் குழந்தை இறந்து பிறந்தாலும் அது உண்டு. 20ஆம் வாரத்தில் இழந்தவளுக்குச் சாதாரண மருத்துவ விடுப்புதான். அவள் உடலும் பிரசவித்த உடல்தான். ஆகவே பத்தியச் சாப்பாடும் ஓய்வும் அவளுக்கும் வேண்டும். குடும்பத்தில் வளைகாப்பு வந்தால் அவளுக்குத் தெரியாமல் நடத்தவும் வேண்டாம், கட்டாயப்படுத்தி அழைக்கவும் வேண்டாம். "வர்றியாம்மா, எப்படி இருக்கு உனக்கு?" என்று கேட்டு, முடிவை அவளிடம் விடுங்கள்.

"ஊர்ல ஒரு பிள்ளை இருக்கு"

தத்தெடுக்கலாம் என்று தம்பதி வாய் திறந்ததும் உறவில் யாராவது சொல்வது இது. 'ஊர்' என்றால் தமிழ்நாடு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்ற நினைப்பு ஆபத்தானது. இந்தியப் பிள்ளையை வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுக்க 'காரா' எனப்படும் மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். உறவுக்காரர் பிள்ளையானாலும் முறைப்படிதான் வரவேண்டும்.

நாடு கடந்த தத்தெடுப்புக்கான 1993ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியாவும் இலங்கையும் உள்ளன; மலேசியா இல்லை. அதனால் அந்த உடன்படிக்கை வழியாக இந்திய, மலேசிய அலுவலகங்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் பாதை இங்கே கிடையாது. இந்தக் கெடுபிடிக்குக் காரணமும் உண்டு. சென்னையில் 'மலேசியன் சோஷியல் சர்வீசஸ்' என்ற பெயரில் இயங்கிய தத்தெடுப்பு நிறுவனம், கடத்தப்பட்ட ஏழைக் குழந்தைகளை வெளிநாடுகளுக்கு அனுப்பியதாக 2005இல் வழக்கு வெடித்தது. அங்கே பெற்றவர்கள் தேடி அழ, வளர்த்தவர்களோ ஏதும் அறியாமல் இருந்தார்கள். காகிதம் குறைவான இடத்தில் பிள்ளை எளிதில் கிடைக்கிறது என்றால், முதலில் கேட்கவேண்டியது அதன் தாயைப் பற்றித்தான்.

இங்கே உள்ள இரண்டு வழிகள்

தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோர் 1952ஆம் ஆண்டு தத்தெடுப்புச் சட்டத்தின் (சட்டம் 257) கீழ் உயர்நீதிமன்றத்தையோ செஷன்ஸ் நீதிமன்றத்தையோ நாடலாம். விண்ணப்பிப்பவர் பொதுவாக 25 வயது நிறைந்தவராகவும் பிள்ளையைவிட 21 வயதாவது மூத்தவராகவும் இருக்க வேண்டும். உத்தரவுக்கு முன் பிள்ளை குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து அவர் பராமரிப்பில் இருக்க வேண்டும். சமூக நலத் துறைக்கும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். உத்தரவு கிடைத்தால் வளர்ப்புப் பெற்றோர் பெயரோடு புதிய பிறப்புச் சான்றிதழ் வரும், சொத்துரிமையும் சேரும்.

இரண்டாவது, தேசியப் பதிவுத் துறையில் பதிவு செய்யும் வழி (சட்டம் 253). இதற்குப் பிள்ளை இரண்டு ஆண்டு தொடர்ந்து உங்களிடம் வளர்ந்திருக்க வேண்டும். நீதிமன்ற உத்தரவு தரும் சொத்துரிமை இதில் வராது.

இரண்டில் எதுவானாலும் குடியுரிமை தானாக வந்துவிடாது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு அரசமைப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவில் தனியே விண்ணப்பிக்க வேண்டும். முடிவு அரசாங்கத்தின் கையில். காத்திருப்பு நீளும். ஆகவே பிள்ளையைக் கையில் வாங்கும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள்.

உறவுகள் செய்யக்கூடியது

காத்திருக்கும் வீட்டில் "எப்ப வருது?" என்று வாரந்தோறும் கேட்காதீர்கள். அரசு அலுவலகங்கள் உள்ள புத்ராஜெயாவுக்குப் போகும் நாளில் கார் ஓட்டுங்கள், காகிதங்களைப் பிரதி எடுத்துக் கொடுங்கள். அலுவலகம் கைவிரித்த நாளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுங்கள். இழந்த பிள்ளைக்கு அவர்கள் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லத் தயங்காதீர்கள். தத்துப் பிள்ளை வந்தபிறகும் அந்தத் துக்கம் ஒரு மூலையில் இருக்கும். அதை நன்றிகெட்டதனம் என்று எண்ணிவிட வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. பிள்ளையிடம் உண்மையை மறைக்கச் சொல்லாதீர்கள். மலாயாவில் வறுமையாலும் ஆண் பிள்ளை ஆசையாலும் சீனக் குடும்பங்கள் கொடுத்த பெண் குழந்தைகளை நம் பாட்டிமார் வாங்கி வளர்த்தார்கள். அந்தப் பிள்ளைகள் பொட்டு வைத்து, சேலை கட்டி, தமிழ் பேசியே வளர்ந்தார்கள். முகமே சொல்லிவிட்டதால் அந்த வீடுகளில் மறைக்க இடமில்லை. இன்று நம் நிறத்திலேயே பிள்ளை வந்தால் மறைக்கத் தோன்றும். ஒருநாள் கல்யாண வீட்டில் யாரோ ஒரு அத்தை வாய் தவறிச் சொல்லி அது தெரியவருவதைவிட, மடியில் வைத்துக் கதை சொல்லும் வயதிலேயே அம்மா வாயால் கேட்பது பிள்ளைக்கு நல்லது. அதுவரை அத்தைமார் பொறுத்திருக்க வேண்டும்.