தமிழ் நூல்களின் மின்னுருவாக்கமும் நாட்டுடைமைக் கொள்கையும்

முன்னுரை

பழைய நூல்களை வருடி இணையத்தில் இடுவது பெரும்பாலும் தொழில்நுட்பப் பணியாகவே கருதப்படுகிறது. ஆயின், நூலை வருடுவதற்கும் அதனைப் பலரும் பயன்கொள்வதற்கும் இடையில் பதிப்புரிமை நிற்கிறது. இவ்விடைவெளியைக் குறைப்பதில் தமிழக அரசின் நாட்டுடைமைக் கொள்கைக்குள்ள பங்கையும் அதன் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சட்டத்தின் வரையறை

1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் வாழ்நாளில் வெளியான நூலின் உரிமை, அவர் மறைந்த ஆண்டையடுத்து 60 ஆண்டுகள் நீடிக்கிறது. வணிக நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடமுள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க 52ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆனால் பாதுகாப்பதற்கான இசைவு வெளியிடுவதற்கான இசைவு ஆகாது. 1975இல் மறைந்த எழுத்தாளரின் நூலை நூலகம் வருடி வைக்கலாம். உரியவர் இசைவின்றி 2035 முடியும்வரை அனைவருக்கும் வழங்க இயலாது.

நாட்டுடைமையின் பயன்

பாரதியார் 1921இல் மறைந்தார். அவர் பாடல்களின் இசைத்தட்டு உரிமை ஏ.வி. மெய்யப்பனிடம் இருந்தது, அவர் தயாரித்து 1947இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ படத்தில் அப்பாடல்கள் இடம்பெற்றன. 1949இல் அரசு பாரதி படைப்புகளின் உரிமையைப் பெற்றது. பின்னர் அவை மக்களுக்குப் பொதுவாயின. பிற்காலத்தில் எழுத்தாளர் பலரின் நூல்களும், மரபுரிமையர்க்குத் தொகை வழங்கி நாட்டுடைமையாக்கப்பட்டன.

இதனால் ஒரே நூலைப் பதிப்பகம் மறுபதிப்பிடவும், திரைத்துறை கதையாகக் கொள்ளவும், மின்னூலகம் வெளியிடவும் வழி பிறந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் நாட்டுடைமை நூல்களை வழங்குவது இவ்வடிப்படையிலேயே ஆகும்.

கொள்கையின் எல்லை

முதலாவதாக, ஒருமுறை வழங்கப்படும் தொகை, தொடர்ந்து விற்பனையாகும் நூலின் உரிமத்தொகைக்கு ஈடாவதில்லை. எனவே மரபுரிமையர் உடன்பாடு இன்றியமையாதது.

இரண்டாவதாக, நாட்டுடைமையாவது ஆசிரியரின் மூலமே. பிற்காலப் பதிப்பாசிரியரின் முன்னுரையும் குறிப்புகளும் தனி உரிமைக்கு உட்பட்டவை. வருடப்பட்ட பதிப்பு எது என்பதை நோக்காது மூலம் பொதுவாயிற்று என்று மட்டும் கொள்வது பிழையாகும்.

மூன்றாவதாக, உரிமையாளரைக் கண்டறிய இயலாத நூல்களை இக்கொள்கை எட்டுவதில்லை. தொகை பெறுவார் இல்லாதவிடத்து நாட்டுடைமை நிகழ்வதும் அரிது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் 31-ஏ பிரிவு இத்தகையவற்றுக்குக் கட்டாய உரிமம் பெற வழிசெய்கிறது. எனினும் நாளிதழ் அறிவிப்பு, விண்ணப்பம் ஆகியன நூல்தோறும் வேண்டப்படுவதால், சிறிய பதிப்பகத்தின் ஆயிரம் நூல்களை மின்னுருவாக்க முனைவோர்க்கு அவ்வழி பெருஞ்சுமையாகும்.

முடிவுரை

மின்னுருவாக்கக் கொள்கை வருடிய பக்கங்களின் எண்ணிக்கையோடு நின்றுவிடலாகாது. ஒவ்வொரு நூலின் விவரப்பதிவிலும் ஆசிரியர் மறைந்த ஆண்டு, பதிப்பு விவரம், உரிமைநிலை, மறுபயன்பாட்டு வரம்பு ஆகியன இடம்பெறுதல் வேண்டும். நூலின் உரிமைநிலையை அறிந்த பின்னரே ஆய்வாளர் அதனை அச்சமின்றி மீள வெளியிடவும், படைப்புத் தொழிலினர் அதில் முதலிடவும் இயலும். அந்நிலைமை உருவாகாதவரை, வருடப்பட்ட நூல் பாதுகாக்கப்பட்டதாக இருக்குமேயன்றிப் பயன்பாட்டுக்கு வந்ததாகாது.