முசிறிக்கு ஒரு எண்

'முசிறி' என்று தேடினால் திருச்சி மாவட்டத்துக் காவிரிக்கரை முசிறியும் வரும், யவனர் கப்பல் வந்து போன சேரநாட்டு முசிறியும் வரும். நமக்கு வேண்டியது இரண்டாவது. அதைப் பற்றிய சான்றுகள் எங்கெங்கே கிடக்கின்றன பாருங்கள். எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ் கிரேக்கத்தில். பிளினி எழுதியது லத்தீனில். பொன்னோடு வந்த கப்பல் மிளகோடு திரும்பியதைச் சொல்லும் அகநானூறு 149 தமிழில். முசிறி வணிகத்துக்கு வாங்கிய கடனின் ஒப்பந்தம் ஒரு பக்கமும், ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்கு மதிப்பு மறுபக்கமும் எழுதிய 2-ஆம் நூற்றாண்டு பாப்பிரஸ், வியன்னாவில் ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. முசிறியையும் பக்கத்தில் அகஸ்டஸ் கோயிலையும் காட்டும் பொய்ட்டிங்கர் வரைபடமும் அதே நூலகத்தில்தான்! எல்லாமே ஒரே ஊரைப் பேசுகின்றன என்று கணினிக்கு யார் சொல்வது?

டேட்டாபேஸ் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய தலைவலி. ஆபீசில் இரண்டு செந்தில்குமார் இருப்பார்கள். அதனால் பெயரைச் சாவியாக வைக்காமல் ஆளுக்கு ஒரு எண் கொடுத்துவிடுவோம். பழங்கால ஊர்களுக்கு அந்த வேலையைச் செய்வது பிளையடீஸ் என்ற இடப்பெயர்த் தொகுப்பு (நம்ம கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்குக் கிரேக்கர் வைத்த பெயர்). ரிச்சர்ட் டால்பர்ட் பதிப்பித்து 2000-இல் வெளிவந்த பாரிங்டன் அட்லஸிலிருந்து தொடங்கியது. அதில் ஏதென்ஸ் 579885, ரோம் 423025. எண்ணோடு சேர்ந்த இணைய முகவரி மாறாமல் அப்படியே இருக்கும். முசிறிக்கும் அதில் இடம் உண்டு.

எண் கொடுத்தால் மட்டும் போதாது, மற்றவர்கள் அதைப் பயன்படுத்த வேண்டும். 2011-இல் தொடங்கிய பெலாகியோஸ் திட்டம் அதற்குத்தான் வந்தது. யாரும் தன்னிடம் உள்ள தரவைத் தூக்கி ஒரே பெரிய கிடங்கில் கொட்ட வேண்டாம். நூலகம் நூலகமாகவே இருக்கட்டும், அருங்காட்சியகம் அருங்காட்சியகமாகவே இருக்கட்டும். "என்னிடமுள்ள இந்தப் பக்கம் அந்த எண்ணுள்ள ஊரைக் குறிக்கிறது" என்று ஆளுக்கு ஒரு வரிக் குறிப்பு வெளியிட்டால் போதும். குறிப்புகளைத் திரட்டினால், ஒரு ஊரைக் கேட்டதும் நூலும் நாணயமும் கல்வெட்டும் ஒன்றாக வந்து நிற்கும். தரவுகளின் அமைப்பை ஒன்றாக்கும் பெரும்பாடு இல்லாததால்தான் இது நடக்கிறது என்பது என் கணிப்பு.

என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. பிளையடீஸில் இடம், பெயர், இருப்பிடம் மூன்றும் தனித்தனி. 'இடம்' என்பது மனிதர்கள் பேசிய, எழுதிய ஒரு ஊர், அவ்வளவுதான். அதற்குப் பல பெயர்கள் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் மொழியும் காலமும் உண்டு. இருப்பிடம் தெரியாமலேகூட இருக்கலாம். தெரிந்தாலும் எவ்வளவு உறுதி என்று குறிக்கலாம்.

முசிறிக்கு இது எவ்வளவு தேவை என்று யோசியுங்கள். கொடுங்கல்லூர்தான் முசிறி என்று நெடுநாள் சொல்லிவந்தார்கள். 2007 முதல் கேரள வரலாற்று ஆய்வு மன்றம் பரவூர் அருகே பட்டணத்தில் தோண்ட, ரோமானிய ஆம்போரா ஓடுகள் கிடைத்தன. பட்டணமே முசிறி என்கிறார்கள் ஒரு சாரார், ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். வரைபடப் புள்ளியையே அடையாளமாக வைத்திருந்தால், பாப்பிரஸை இணைப்பதற்கு முன் இந்த வழக்கு தீர்ந்தாக வேண்டும். இப்போது அப்படியில்லை. பாப்பிரஸ் முசிறியோடு இணையும். பட்டணத்து ஓடுகள் பட்டணத்தோடு இணையும். "இரண்டும் ஒன்றே" என்பது யார் சொன்னது என்ற குறிப்போடு தனியே நிற்கும். நாளைக்கு அந்தக் கருத்து விழுந்தால் அந்த ஒரு இணைப்பை மட்டும் எடுத்தால் போதும்.

வஞ்சி கரூரா, கொடுங்கல்லூர்ப் பக்கமா என்ற நம்மூர்ச் சண்டைக்கும் இதே ஏற்பாடு பொருந்தும்: வஞ்சிக்கு ஒரு எண், அதற்கு இரண்டு இருப்பிடங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதைச் சொன்னவர் பெயர்.