லென்ஸ் மங்கலா, நாம எடுத்த விதம் தப்பா?



இந்த வார எபிசோடில் நேரம் பத்தாம விட்ட விஷயம் இது. போன மாசம் செகண்ட் ஹேண்ட்ல ஒரு 16-35 மி.மீ. எஃப்/4 ஜூம் வாங்கினேன். பிறந்தநாள் பார்ட்டியில எடுத்த முதல் குரூப் போட்டோவிலேயே ஓரத்துல நின்ன அத்தை முகம் மங்கல். திருப்பிக் கொடுக்க 5 நாள்தான் பாக்கி. கொடுக்கலாமா, வெச்சுக்கலாமா?

ஒரு போட்டோவை வெச்சு முடிவு பண்ண முடியாது. ஏன்னா அபெர்ச்சர் மாறினா மங்கலுக்கான காரணமும் மாறும்.

எஃப்/4-ல, அதாவது முழுசாத் திறந்திருக்கும்போது, கண்ணாடியோட விளிம்பு வழியா வர்ற ஒளி ஒரே புள்ளியில் சரியாகக் குவியாது. வைட் ஆங்கிளில் இது மூலைகளில்தான் அதிகம் தெரியும். எஃப்/5.6, எஃப்/8 என்று மூடினால் சரியாகும். அதுக்கு மேல மூடினால் டிஃப்ராக்ஷன். எஃப்/8-ல ஒரு ஒளிப்புள்ளி சென்சாரில் சுமார் 11 மைக்ரான் வட்டமா விழும். எஃப்/22-ல சுமார் 30. ஆனா 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் சென்சாரில் ஒரு பிக்சல் சுமார் 6 மைக்ரான்தான். அதனால எஃப்/22-ல நடுப்பகுதியும் மங்கும். எவ்வளவு விலை லென்ஸா இருந்தாலும் இதுதான் கதை.

டெஸ்ட் பண்றது டிபக்கிங் மாதிரி: ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்தணும். ட்ரைபாட், ஐஎஸ்ஓ 100, 2 செகண்ட் டைமர், ஸ்டெபிலைசேஷன் ஆஃப். தூரத்துல இருக்கிற கட்டிடங்களை லைவ் வியூவில் பெருசாக்கி, கையால ஃபோகஸ் பண்ணுங்க. 16, 24, 35 மூணுலயும் எஃப்/4 முதல் எஃப்/22 வரை எடுங்க. ஜூம் மாத்தும்போது மட்டும் மறுபடி ஃபோகஸ். அப்புறம் 100% பெரிதாக்கி நடுவையும் நாலு மூலையையும் பாருங்க.

நாலு மூலையும் ஒரே மாதிரி மங்கி, எஃப்/8-ல தெளிவானா அது வைட் ஜூமோட இயல்பு. மூலையில ஃபோகஸ் வெச்சதும் அங்கே தெளிவானா, ஃபோகஸ் தளம் வளைஞ்சிருக்கு. ஒரு பக்கம் மட்டும் எஃப்/8-லயும் மங்கலா? கேமராவைத் தலைகீழாத் திருப்பி அதே காட்சியை எடுங்க. மங்கல் காட்சியோட எதிர்ப்பக்கத்துக்குத் தாவினா, உள்ளே ஒரு கண்ணாடி இடம் விலகியிருக்கும். யோசிக்காம திருப்பிக் கொடுங்க.

என் லென்ஸில் நாலு மூலையும் சமம், எஃப்/8-ல பளிச். பார்ட்டியில எஃப்/4-லயே வெச்சு எடுத்தது நான்தான். லென்ஸ் வீட்டிலேயே இருக்கு. அடுத்த தடவை எஃப்/8, அத்தை நடுவில்!