பானெட் ஓரத்துக் கறுப்புக் கோடு

ஆலங்காயத்திலிருந்து காவலூருக்கு ஜவ்வாது மலையில் ஏறும் சாலையோரம் ஒரு கார் நின்றால், சக்கரத்தையும் விளக்கையும் பார்த்தபின் அதன் பானெட் ஓரத்தையும் பாருங்கள். தகடும் தகடும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய கறுப்புக் கோடு ஓடும். அந்தக் கோடு வெறும் இடைவெளிதான். ஆனால் அதைப் படிக்கத் தெரிந்த டிங்கர், காருக்கு அடியில் படுக்காமலே, உள்ளே இருக்கும் சட்டம் (சேசிஸ்) நேராக நிற்கிறதா என்று சொல்லிவிடுவார்.

இந்தப் படிப்புக்கு ஏற்ற கார் ஒன்று நம் சென்னையிலேயே தயாரானது: ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961-இல் வந்தது, 948 சிசி எஞ்சின். இங்கிலாந்தில் அதன் பெயர் ட்ரயம்ப் ஹெரால்டு. அதை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கலோட்டி. அதே சேசிஸைக் குட்டையாக்கி, அவர் கைவண்ணத்திலேயே 1962-இல் வெளிவந்ததுதான் ட்ரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டுக்கும் ஓர் அழகான ஒற்றுமை உண்டு. மட்கார்டும் விளக்கும் சேர்ந்து காரின் முகம் முழுவதுமே பானெட். கீல் முன்னால் பம்பர் பக்கம் இருக்கும். திறந்தால் மொத்த முகமும் முன்பக்கமாகக் கவிழும், எஞ்சினும் முன்சக்கரங்களும் பளிச்சென்று தெரியும். பழுது பார்ப்பவருக்கு இதைவிட வசதி வேறில்லை.

வசதிக்கு ஒரு விலை உண்டு. கீல் ஒரு கோடியில், நாம் பார்க்கும் இடைவெளியோ மறு கோடியில், கதவுக்குப் பக்கத்தில். இரண்டு கீல்களுக்கும் நடுவே 80 செ.மீ., கீலிலிருந்து பானெட்டின் பின்விளிம்புவரை 120 செ.மீ. என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். இடது கீலை மட்டும் 1 மி.மீ. முன்னால் நகர்த்தினால் பானெட் சற்றே திரும்பும். பின்விளிம்பு எவ்வளவு இடம்பெயரும்? 120-ஐ 80-ஆல் வகுத்தால் 1.5. ஆகவே அது 1.5 மி.மீ. இடப்பக்கம் போய்விடும். கீலில் செய்த சிறு பிழை மறுமுனையில் ஒன்றரை மடங்காகிறது. அதனால்தான் போல்ட் போகும் துளையை வட்டமாக இல்லாமல் நீளமாக வைக்கிறார்கள். போல்ட்டைத் தளர்த்தி, மயிரிழை நகர்த்தி, மூடிப் பார்த்து, மறுபடி திறந்து நகர்த்தலாம். பொறுமைதான் இங்கே முக்கியக் கருவி.

ஆனால் நல்ல டிங்கர் பானெட்டில் முதலில் கைவைக்க மாட்டார். ஹெரால்டின் உடல் பல துண்டுகளாக வந்து தனிச் சேசிஸின்மேல் போல்ட்டால் பூட்டப்பட்டது. ஆகவே கார் நான்கு சக்கரங்களிலும் சமதரையில் நிற்க, முதலில் உடலைச் சரிசெய்வார். தாழ்ந்திருக்கும் இடத்தில் உடலுக்கும் சேசிஸுக்கும் நடுவே மெல்லிய தகட்டுத் துண்டுகளைச் செருகுவார். அடுத்தது கதவு. பானெட் கடைசியில்தான். அடி கோணலாக இருக்கும்போது மேலே எவ்வளவு இழுத்தாலும் கோணல் இன்னோர் ஓரத்துக்குத்தான் போகும். இடைவெளியைப் பட்டி பூசி மறைப்பதும் பயன் தராது. கார் ஓடத் தொடங்கினால் பட்டி வெடிக்கும்.

ஏன் வெடிக்கும்? மலைச்சாலை வளைவில் ஒரு சக்கரமும் அதன் எதிர்மூலைச் சக்கரமும் மேட்டிலும், மற்ற இரண்டும் பள்ளத்திலும் நிற்க நேரும். அப்போது சேசிஸ் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். ஒரு செருப்புப் பெட்டியை எடுத்து மூடியைக் கழற்றிவிட்டு இரு முனைகளையும் எதிரெதிராகத் திருகுங்கள், எளிதாக முறுக்கும். மூடியை ஒட்டிவிட்டுத் திருகினால் விறைப்பாக நிற்கும். கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் கார் மூடியில்லாத பெட்டி. அதன் தகடுகள் ஒன்றையொன்று உரசாமல் அசைய இடம் வேண்டும்.

வெப்பமும் இடம் கேட்கும். 120 செ.மீ. நீள இரும்புத் தகடு 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.6 மி.மீ. நீளும். கார் முழுவதும் ஒரே அளவு சூடானால் இடைவெளி அவ்வளவாக மாறாது. எஞ்சினுக்கு மேலே உள்ள தகடு மட்டும் கூடுதலாகச் சூடாகும்போதுதான் வித்தியாசம் வருகிறது.

அந்தச் சாலை போய்ச் சேரும் காவலூரில் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்திருக்கிறார்கள். 1986-இல் தொடங்கிவைக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் அகலம். அவ்வளவு அகலமான இரும்பு, இரவில் 10 டிகிரி குளிர்ந்தால் கால் மி.மீ.க்கு மேல் சுருங்கும். விண்மீனின் ஒளியைக் குவிக்கும் ஆடிக்கு அது பெரிய தவறு. ஆகவே ஆடியைச் செரோடூர் என்ற கண்ணாடிப் பீங்கானில் செய்தார்கள். குளிரிலும் சூட்டிலும் அது கிட்டத்தட்ட அசைவதே இல்லை.

இனி நீங்களே அளக்கலாம். 100 தாள்களை அடுக்கி ஸ்கேலால் உயரம் பாருங்கள். 10 மி.மீ. வந்தால் ஒரு தாள் 0.1 மி.மீ. நிற்கும் கார் ஒன்றின் கதவு இடைவெளியில், உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, இறுக்கமாக நுழையும்வரை தாள்களைச் சேர்த்து எண்ணுங்கள். கீல் பக்கம் மேலே ஓர் இடம், கீழே ஓர் இடம். பூட்டுப் பக்கமும் அப்படியே. கீல் பக்கம் மேலே அகன்று, பூட்டுப் பக்கம் மேலே குறுகியிருந்தால் கதவு தொங்கியிருக்கிறது, கீல் தேய்ந்திருக்கலாம். இரு பக்கமும் மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால், கார் நடுவில் தாழ்ந்திருக்க வாய்ப்புண்டு. துருப்பிடித்த பழைய திறந்த கார்களில் டிங்கர்கள் முதலில் தேடுவது இதைத்தான்.