பேருக்கு எவ்வளவு, பைக்குக்கு எவ்வளவு?

ப்ளேஸ்மெண்ட் சீசன் வந்துட்டா ஹாஸ்டல்ல ரெண்டு பேச்சுதான் ஓடும். ஒண்ணு, எந்தக் கம்பெனில எவ்வளவு பேக்கேஜ். இன்னொண்ணு, முதல் சம்பளம் வந்ததும் எந்த பைக். இந்த ரெண்டாவது பேச்சை நல்லா கவனிச்சுப் பாருங்க. மைலேஜ், டார்க், வெயிட்னு ஆரம்பிக்கிற விவாதம் கடைசில "என்ன இருந்தாலும் புல்லட் புல்லட்தான்டா" என்ற ஒரே வரியில முடிஞ்சிடும். அதுக்கு அப்புறம் யாரும் நம்பர் பேச மாட்டாங்க.

அந்த ஒரு வரிக்குள்ள என்ன இருக்கு? அது வெறும் பந்தாவா, இல்ல அதுக்குள்ளயும் ஏதாவது இன்ஜினியரிங் இருக்கா? இதைப் பார்க்க டூரிங் க்ரூஸர் பைக்குகளை எடுத்துக்கலாம். பேருக்கு இவ்வளவு மவுசு இருக்கிற பைக் வகை வேற இல்ல. முதல்ல அமெரிக்கா, அப்புறம் நம்ம ஊரு.

டூரிங் க்ரூஸர்னா என்ன?

க்ரூஸர்னா தாழ்வான சீட், முன்னாடி நீட்டி வைக்கிற கால், அகலமான ஹேண்டில்பார். முன் ஃபோர்க் நல்லா சாய்ஞ்சு வெளியே நீண்டிருக்கும். ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல தூரம் அதிகம். இதனால நேர் ரோட்டுல பைக் ஆடாம போகும். ஆனா கொல்லிமலை மாதிரி 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிற இடத்துல அதே நீளம் உங்களைக் கொஞ்சம் வேலை வாங்கும்.

டூரிங் என்பது இன்னொரு தேவை. காத்தைத் தடுக்க முன்னாடி ஃபேரிங், சாமான் வைக்க சைடு பாக்ஸ், பின்னாடி உட்கார்றவங்களுக்கு ஒழுங்கான சீட், அடிக்கடி பங்க்ல நிக்காம போற அளவுக்கு டேங்க். க்ரூஸர் ஒரு தோற்றம்னா டூரிங் ஒரு வேலை. இந்த ரெண்டும் ஒரே பைக்ல சேரும்போதுதான் "எது பெஸ்ட்" சண்டை ஆரம்பிக்குது.

ஒரே வேலை, ரெண்டு விடை

அமெரிக்காவுல இந்தச் சண்டையோட ரெண்டு பக்கம் ஹார்லி டேவிட்சன், ஹோண்டா கோல்ட் விங்.

ஹார்லி 1903-ல மில்வாக்கில ஆரம்பிச்ச கம்பெனி. அதோட அடையாளமே 45 டிகிரி வி-ட்வின் எஞ்சின். 1965-ல எலக்ட்ரிக் ஸ்டார்ட்டோட எலக்ட்ரா க்ளைடு வந்துச்சு. இன்னிக்கும் ஹார்லியோட டூரிங் பைக்குகள் அதே வம்சம்தான்.

கோல்ட் விங் 1975-ல வந்துச்சு. 999 சி.சி., நாலு சிலிண்டர், ரெண்டு பக்கமும் படுத்த மாதிரி இருக்கிற ஃப்ளாட் எஞ்சின், வாட்டர் கூலிங், செயினுக்குப் பதிலா ஷாஃப்ட் டிரைவ். ஆரம்பத்துல ஃபேரிங் கூட கிடையாது. வாங்கினவங்க வெளிய ஃபேரிங் வாங்கி மாட்டிக்கிட்டு ஊர் ஊரா போக ஆரம்பிச்சாங்க. அதைப் பார்த்து ஹோண்டாவே 1980-ல ஃபேரிங், பாக்ஸ் எல்லாம் போட்ட இன்டர்ஸ்டேட் மாடலைக் கொடுத்துச்சு. 1988-ல ஆறு சிலிண்டர், கூடவே ரிவர்ஸ். 2018-ல வந்த மாடல்ல 1833 சி.சி., 170 நியூட்டன் மீட்டர் டார்க், முன்னாடி ஃபோர்க்குக்குப் பதிலா கார்ல வர்ற மாதிரி டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன்.

டைனமிக்ஸ் ஆஃப் மெஷினரி பேப்பரை ஞாபகப்படுத்திக்கோங்க. எதிர் எதிரா படுத்த ஆறு சிலிண்டர்ல ப்ரைமரி, செகண்டரி ரெண்டு விசையும் தானா பேலன்ஸ் ஆகிடும். எடை கீழே இருக்கிறதால சென்டர் ஆஃப் க்ராவிட்டியும் கீழே. அதாவது அதிர்வு கிடையாது, நகர ஆரம்பிச்சுட்டா வெயிட்டும் தெரியாது. காகிதத்துல பார்த்தா கோல்ட் விங் ஜெயிச்சாச்சு.

ஆனா ரோட்டுல மரியாதை வேற மாதிரி இருந்துச்சு. ஜப்பான் பைக் வச்சிருந்தா அங்க "ரைஸ் பர்னர்"னு கிண்டல் பண்ணுவாங்க. மூணு வேளையும் சோறு சாப்பிடற நமக்கே கேட்டா கோபம் வரும். பேலன்ஸ் ஆகாத, அதிர்ற, சூடாகுற எஞ்சினுக்குத்தான் மவுசு. ஏன்?

சத்தத்துக்குள்ள ஒரு கணக்கு

ஒரு காரணம் சத்தம். அது சும்மா சைலன்சர் வேலை இல்ல, க்ராங்க் வடிவத்துலயே இருக்கு.

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்ல ஒரு சிலிண்டர் 720 டிகிரிக்கு ஒரு தடவை வெடிக்கும். ஹார்லில ரெண்டு பிஸ்டனும் ஒரே க்ராங்க் பின்னுல மாட்டியிருக்கும். சிலிண்டர்களுக்கு நடுவுல 45 டிகிரி. அதனால முதல் வெடிப்புக்கும் அடுத்ததுக்கும் 360-ல 45 போக 315 டிகிரி இடைவெளி. அதுக்கு அடுத்தது வர 405 டிகிரி. கூட்டினா 720. இடைவெளி சமமா இல்லாததால காதுக்கு "தட்-தட்... தட்-தட்"னு நொண்டி நொண்டி வர்ற மாதிரி கேக்கும்.

இந்தச் சத்தத்தை ட்ரேட்மார்க் பண்ணவே ஹார்லி 1994-ல விண்ணப்பிச்சுது. போட்டிக் கம்பெனிகள் எதிர்த்தாங்க, 2000-ல ஹார்லியே அதை வாபஸ் வாங்கிடுச்சு. இதுக்கு நடுவுல ஹோண்டா என்ன பண்ணுச்சு தெரியுமா? அவங்க ஷேடோ 1100 க்ரூஸர்ல அதிர்வைக் குறைக்க ரெண்டு தனித்தனி க்ராங்க் பின் இருந்துச்சு. 1995 ஷேடோ ஏ.சி.இ. மாடல்ல அதை எடுத்துட்டு ஒரே பின் வச்சாங்க. அதிர்வு கூடுச்சு, பவர் கொஞ்சம் குறைஞ்சது, சத்தம் ஹார்லி பக்கம் நகர்ந்துச்சு. நல்லா இருந்த டிசைனை ஒரு கம்பெனி தெரிஞ்சே பின்னாடி இழுத்துச்சுன்னா, அந்தச் சத்தத்துக்கு மார்க்கெட்ல என்ன மதிப்பு இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இதே வேலை நம்ம ஊர்லயும் நடக்குது. ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் 650-ல இருக்கிறது ரெண்டு சிலிண்டரும் பக்கத்துல பக்கத்துல நிக்கிற பேரலல் ட்வின். ஆனா க்ராங்க் 270 டிகிரி. அதனால வெடிப்பு இடைவெளி 270, 450. இது 90 டிகிரி வி-ட்வினுக்கு வர்ற அதே இடைவெளி. அதாவது வி-ட்வின் வைக்காமலேயே அந்தத் தாளம்.

பேர் ஒரு கம்பெனியைக் காப்பாத்துமா?

சத்தம் மட்டும் போதும்னா ஹார்லி எப்பவுமே ராஜாவா இருந்திருக்கணும். இல்லையே. 1969-ல ஏ.எம்.எஃப். என்ற கம்பெனி ஹார்லியை வாங்குச்சு. அந்தக் காலத்துல தரம் இறங்கிடுச்சு, ஆயில் ஒழுகுதுன்னு கெட்ட பேர். 1981-ல 13 அதிகாரிகள் சேர்ந்து கம்பெனியைத் திரும்ப வாங்கினாங்க. 1983-ல அமெரிக்க அரசு 700 சி.சி.க்கு மேல இருக்கிற இறக்குமதி பைக்குகளுக்கு வரியை 4.4 சதவீதத்துல இருந்து 49.4 ஆக்குச்சு. ஜப்பான்காரங்க உடனே 750 சி.சி. எஞ்சினை 699 ஆக்கி அனுப்பினாங்க! வரி எங்க கோடு போடுதோ அங்க எஞ்சின் சைஸ் போய் நிக்கும். 2025 செப்டம்பர்ல இருந்து இங்க 350 சி.சி. வரை 18 சதவீதம், அதுக்கு மேல 40 சதவீதம் ஜி.எஸ்.டி. அந்தக் கோட்டையும் மனசுல வச்சுக்கோங்க.

ஹார்லி எழுந்து வந்ததுக்கு வரி மட்டும் காரணம் இல்ல. 1984-ல எவல்யூஷன்னு புது எஞ்சின் கொண்டு வந்தாங்க, ஆயில் ஒழுகுற பிரச்சினை பெருமளவு தீர்ந்துச்சு. 1983-ல ஹார்லி ஓனர்ஸ் க்ரூப் ஆரம்பிச்சாங்க. பைக் வாங்கினா ஒரு கூட்டமும் சேர்ந்து கிடைக்கும். பேர் அவங்களுக்கு டைம் வாங்கிக் கொடுத்துச்சு. அந்த டைம்ல எஞ்சினைச் சரி பண்ணதாலதான் பேர் பிழைச்சுது.

எதிர்ப்பக்க உதாரணமும் ஒண்ணு இருக்கு. பனியில ஓடுற வண்டி செஞ்ச போலாரிஸ் கம்பெனி 1998-ல விக்டரின்னு ஒரு மோட்டார்சைக்கிள் பிராண்ட் ஆரம்பிச்சுது. கிராஸ் கன்ட்ரி, விஷன் மாதிரி முழு டூரிங் பைக்கெல்லாம் கொடுத்தாங்க. 2011-ல அதே போலாரிஸ் இந்தியன் என்ற பழைய பேரை வாங்குச்சு. இந்தியன் 1901-ல பிறந்து 1953-ல உற்பத்தி நின்னு போன கம்பெனி. நடுவுல சிலர் அந்தப் பேரை எழுப்பப் பார்த்துத் தோத்தாங்க. போலாரிஸ் புது எஞ்சின் போட்டு 2013-ல இந்தியன் சீஃப் விட்டாங்க. நாலே வருஷத்துல, 2017 ஜனவரில, விக்டரியை மூடிட்டாங்க. ரெண்டுக்கும் பின்னாடி இருந்தது ஒரே முதலாளி. சொந்தமா 18 வருஷம் வளர்த்த பேர் போச்சு, கடன் வாங்கின நூறு வருஷப் பேர் நின்னுச்சு. வரலாறை ஆர் அண்ட் டி-ல தயாரிக்க முடியாது போல.

நம்ம ஊரு கணக்கு

1955-ல இருந்து சென்னைல என்ஃபீல்டு இருக்கு. இங்கிலாந்துல அசல் கம்பெனி மூடின பிறகும் திருவொற்றியூர்ல புல்லட் நிக்கல. ராணுவம், போலீஸ், ஊர்ப் பெரிய மனுஷன்னு அந்தப் பேர் மேல மரியாதை அடுக்கடுக்கா ஏறிடுச்சு. ஆனா இன்னிக்கு நீங்க வாங்குற மீட்டியார் 350 அந்தப் பழைய புல்லட் இல்ல. 2020-ல வந்த புது எஞ்சின், உள்ளே பேலன்சர் ஷாஃப்ட் இருக்கு, அதிர்வு குறைவு. "பழைய தம்ப் இல்லையே"னு வருத்தப்படுறவங்களும் உண்டு. முதுகுவலி இல்லாம மதுரை போய்ச் சேர்றவங்க வருத்தப்பட மாட்டாங்க.

அதைப் பஜாஜ் அவெஞ்சர் 220 கூட வச்சுப் பாருங்க. உச்ச பவர்ல பெரிய வித்தியாசம் இல்ல, ரெண்டுமே கிட்டத்தட்ட 20 குதிரை. டார்க்லதான் விஷயம். மீட்டியார் 27 நியூட்டன் மீட்டர், 4000 ஆர்.பி.எம்.ல. அவெஞ்சர் 17.55, அதுவும் 7000-ல. பின்னாடி ஆள், ரெண்டு பை, மேடுன்னு வந்தா மீட்டியார் கியர் மாத்தாம இழுக்கும். அவெஞ்சர்ல கியரைக் குறைச்சு எஞ்சினை முறுக்கணும். ஆனா மீட்டியார் 191 கிலோ, அவெஞ்சர் 163. அந்த 28 கிலோ ஒரு அரிசி மூட்டைக்கு மேல. பார்க்கிங்ல பின்னாடி தள்ளும்போது, பங்க்சர் ஆகும்போது தெரியும். அவெஞ்சர் சீட் 737 மி.மீ., மீட்டியார் 765. உயரம் கம்மியா இருக்கிறவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல. அவெஞ்சர் விலையும் குறைவு.

அப்புறம் ஏன் அவெஞ்சர்ல வந்தவன்கிட்ட "ஏன்டா, புல்லட் வாங்கலையா?"னு கேக்குறோம்? அந்தக் கேள்வி பைக்கைப் பத்தினது இல்ல, அவன் பர்ஸைப் பத்தினது. அந்த ஒரு கேள்விக்குப் பயந்து நாலு வருஷ இ.எம்.ஐ. எடுக்கிற பசங்க நம்மள்ள எத்தனையோ பேர்.

இன்னொண்ணும் சொல்லணும். ஹார்லி இந்தியாவுல சொந்தமா நடத்தின வியாபாரத்தை 2020-ல நிறுத்திட்டு ஹீரோ கூடச் சேர்ந்துச்சு. 2023-ல அந்தக் கூட்டணில வந்தது எக்ஸ்440. சிங்கிள் சிலிண்டர். 45 டிகிரியும் இல்ல, 315-ம் இல்ல. மோசமான பைக்னு சொல்ல வரல. டேங்க்ல எழுதியிருக்கிற பேரும் உள்ளே இருக்கிற எஞ்சினும் ரெண்டு தனி விஷயம்னு இதைவிடத் தெளிவா காட்ட முடியாது.

ஷோரூம் போகும்போது

பேருக்குக் காசு கொடுக்கிறது தப்பே இல்ல. எந்த ஊர்லயும் மெக்கானிக், ஸ்பேர், கூட வர ஒரு கூட்டம், விக்கும்போது நல்ல விலை, இதெல்லாம் பேரோட சேர்ந்து வர்ற நிஜமான பலன்கள். ஆனா எதுக்கு எவ்வளவு கொடுக்கறோம்னு தெரிஞ்சு கொடுக்கணும். அதுக்கு சில சோதனைகள்:

1. பத்து நிமிஷ டெஸ்ட் ரைடு போதாது. தெரிஞ்சவங்க பைக்கா இருந்தா ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்க. கால் முன்னாடி நீட்டின பொசிஷன்ல உடம்பு எடை முழுக்க இடுப்பு அடியில இறங்கும். பள்ளம் வந்தா எழுந்து நிக்கவும் கஷ்டம். முதுகு என்ன சொல்லுதுன்னு கேளுங்க.

2. மூணாவது கியர்ல, மெதுவா போகும்போது, பின்னாடி ஒருத்தரை வச்சுக்கிட்டு மேட்டுல ஏத்திப் பாருங்க. உச்ச பவர் நம்பரை விட இது உங்களுக்கு உதவும்.

3. எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு பைக்கைப் பின்னாடி தள்ளிப் பாருங்க. முடியலைன்னா வெட்கப்படாதீங்க, லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க.

4. கடைசியா ஒரு கேள்வி. டேங்க்ல பேரே இல்லைன்னா இதே விலைக்கு இதை வாங்குவீங்களா? "ஆமா"ன்னா யோசிக்காம வாங்குங்க. "இல்ல"ன்னா, அந்த மிச்சப் பணத்துக்கு எத்தனை ட்ரிப் பெட்ரோல் வரும்னு ஒரு தடவை கணக்குப் போட்டுட்டு முடிவெடுங்க.

நீங்க எந்தப் பக்கம்? கமெண்ட்ல சண்டை போடலாம், ஆனா நம்பரோட வாங்க. ஹெல்மெட் மறக்காதீங்க!