பாட்டிலில் '25'னு இருந்தா 25 வருஷமா? ஆலிவ் ஆயில், பால்சாமிக் கடையில் ஏமாறாமல் இருக்க ஒரு கைடு!

பாட்டிலில் தங்க நிறத்தில் '25' என்று பெரிசா போட்டிருந்தது. இத்தாலி டூரில், ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில், '25 வருஷம் ஊறிய பால்சாமிக் வினிகர் இவ்ளோ மலிவா!' என்று அள்ளிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பின்பக்கம் திருப்பிப் பார்த்தால், வைன் வினிகர், திராட்சைச் சாறு, நிறத்துக்குக் கேரமல். 25 என்பது வருஷம் என்று எங்கேயுமே எழுதவில்லை. நானாகத்தான் அப்படிப் படித்துக்கொண்டேன்.

நீங்களும் ஒருநாள் இப்படி ஒரு கடைக்குள் நுழையலாம். படிக்கப் போன ஊரிலோ, வேலைக்குப் போன ஊரிலோ, ஹனிமூன் போன இடத்திலோ. சுவரோரமாக வரிசையாகக் குழாய் வைத்த சின்னச் சின்ன ஸ்டீல் டேங்குகள், பக்கத்தில் குட்டிக் கப்புகள், 'டேஸ்ட் பண்ணிப் பாருங்க' என்று சிரிக்கும் கடைக்காரர். பார்க்க செம அழகா இருக்கும். பர்ஸைத் திறப்பதற்கு முன் இதையெல்லாம் தெரிஞ்சுக்கோங்க.

இருமல் வந்தா பயப்படாதீங்க

முதலில் எண்ணெய், அப்புறம்தான் வினிகர். புளிப்பு நாக்கில் ஏறிவிட்டால் எண்ணெயின் மணம் பிடிபடாது.

கப்பில் ஒரு ஸ்பூன் அளவுதான் ஊற்றுவார்கள். ஒரு கையால் கப்பைப் பிடித்து, இன்னொரு கையால் மூடி, உள்ளங்கைச் சூட்டில் ஒரு நிமிஷம் வைத்திருங்க. பிறகு திறந்து முகர்ந்து பாருங்க. புதுப் புல், பச்சைத் தக்காளி, பச்சை வாழைப்பழம் மாதிரி ஏதாவது வாசனை வந்தால் நல்ல அறிகுறி. பழைய முறுக்கு டப்பாவைத் திறந்தால் ஒரு சிக்கு வாடை அடிக்குமே, அது வந்தால் கப்பைக் கீழே வைத்துவிடலாம்.

அடுத்து ஒரு வாய் எடுத்து, சூடான டீயை உறிஞ்சுவது போல காற்றோடு சேர்த்து 'ஸ்ஸ்ஸ்' என்று உறிஞ்சணும். சத்தம் வந்தால் கூச்சப்படாதீங்க. தொழில்முறையாக ருசி பார்ப்பவர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். விழுங்கியதும் நாக்கில் லேசான கசப்பும், தொண்டையில் மிளகு கடித்த மாதிரி ஒரு எரிச்சலும் வரும். சிலருக்கு இருமலே வந்துவிடும்.

'அய்யோ, கெட்டுப்போன எண்ணெயா?' என்றால், நேரெதிர். அந்த எரிச்சலுக்குக் காரணம் ஓலியோகேந்தல் என்ற பொருள். ஐபுப்ரோஃபென் மாத்திரையைக் கரைத்துக் குடித்தால் தொண்டையில் வரும் அதே எரிச்சல் சிசிலியில் ஆலிவ் எண்ணெய் ருசித்தபோதும் வந்ததைக் கவனித்தவர், அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த கேரி போஷாம்ப். 2005-ல் அவர் குழு இதை 'நேச்சர்' இதழில் வெளியிட்டது. புதிதாகப் பிழிந்த நல்ல எண்ணெயில் இந்தக் காரம் தூக்கலாக இருக்கும், நாளாக ஆகக் குறையும்.

ஒரு எண்ணெய்க்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஒரு துண்டு பச்சை ஆப்பிளும் ஒரு மடக்குத் தண்ணீரும் போதும். பச்சையாக இருந்தால் நல்லது, மஞ்சளாக இருந்தால் மட்டம் என்றும் நினைக்காதீங்க. நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்காகத்தான் நிபுணர்கள் நீல நிறக் கண்ணாடிக் கிண்ணத்தில் ருசி பார்க்கிறார்கள்.

லேபிளில் எதைப் படிக்கணும்?

'எக்ஸ்ட்ரா வெர்ஜின்' என்பது விளம்பர வார்த்தை இல்லை. ரசாயனம் சேர்க்காமல் இயந்திரத்தால் மட்டும் எடுத்த எண்ணெய், அமிலத்தன்மை 0.8 சதவிகிதத்துக்கு மிகாமல், ருசி பார்க்கும் குழு ஒரு குறையும் காணாமல் இருந்தால்தான் அந்தப் பெயர்.

வெறும் 'ஆலிவ் ஆயில்' என்றிருந்தால் சுத்திகரித்த எண்ணெயோடு கொஞ்சம் வெர்ஜின் கலந்தது. 'பொமேஸ்' என்றால், எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையிலிருந்து கரைப்பான் போட்டு எடுத்துச் சுத்திகரித்தது. நம்ம ஊர் பாஷையில் சொன்னால், புண்ணாக்கிலிருந்து எடுத்த எண்ணெய். 'லைட்' என்றால் கலோரி குறைவு என்று அர்த்தம் இல்லை. ருசியும் நிறமும்தான் லைட்.

'இத்தாலியில் பாட்டிலில் அடைத்தது' என்பதும், 'இத்தாலிய ஆலிவ்' என்பதும் வேற வேற. ஸ்பெயின், கிரீஸ், துனிசியா எண்ணெயும் இத்தாலியில் பாட்டிலுக்குள் போகும். அது மோசம் என்று இல்லை. எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்.

எல்லாத்தையும்விட முக்கியமானது அறுவடை தேதி. வைன் மாதிரி இது பழசாகப் பழசாக ருசி கூடுகிற சமாச்சாரம் கிடையாது. ஐரோப்பாவில் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஆலிவ் பறிப்பார்கள். நீங்க மார்ச்சில் கடைக்குப் போனால், போன சீசனில் பிழிந்த எண்ணெயா என்று கேளுங்க. நல்ல கடைக்காரர் சந்தோஷமாகப் பதில் சொல்வார். மழுப்பினால் அதுவே பதில்.

எலுமிச்சை, பூண்டு, மிளகாய் என்று ஃப்ளேவர் போட்ட டேங்குகளும் இருக்கும். தூக்கலான வாசனையில் பழைய எண்ணெயின் வாடை மறைந்துவிடலாம். அதனால் எப்போதும் ஃப்ளேவர் இல்லாததை முதலில் ருசிங்க.

பால்சாமிக்: ஒரே பேரு, வேற வேற ஆளு

இப்போ நான் ஏமாந்த இடத்துக்கு வருவோம். பால்சாமிக்கின் சொந்த ஊர் இத்தாலியின் மொடெனாவும், பக்கத்தில் உள்ள ரெஜியோ எமிலியாவும். ஆனால் அந்தப் பெயரில் மூணு விதமான பாட்டில்கள் ஒரே ஷெல்ஃபில் உட்கார்ந்திருக்கும்.

ஒன்று, 'திரதித்ஸியோனாலே' - டி.ஓ.பி முத்திரை: இதில் இருப்பது ஒரே பொருள், காய்ச்சிய திராட்சைச் சாறு. மாடியில் ஓக், செஸ்ட்நட், செர்ரி, மல்பெரி என்று வெவ்வேறு மரப் பீப்பாய்கள் பெரிசிலிருந்து சிறிசு வரை வரிசையாக இருக்கும். கோடைச் சூட்டில் சாறு வற்றும், குளிரில் அடங்கும். வருஷா வருஷம் கடைசிக் குட்டிப் பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்து, அந்தக் குறையை அடுத்த பெரிய பீப்பாயிலிருந்து நிரப்பிக்கொண்டே வருவார்கள். குறைந்தது 12 வருஷம். 'எக்ஸ்ட்ராவெக்கியோ' என்றிருந்தால் குறைந்தது 25 வருஷம். பெண் குழந்தை பிறந்தால் ஒரு பீப்பாய் வரிசையைத் தொடங்கி, கல்யாணத்தில் சீதனமாகக் கொடுக்கிற வழக்கமும் அங்கே உண்டு.

மொடெனாவின் டி.ஓ.பி பால்சாமிக், 100 மில்லி பிடிக்கும் ஒரே மாதிரி உருண்டை பாட்டிலில்தான் வரும். அதை வடிவமைத்தவர் ஜியோர்ஜெத்தோ ஜுஜாரோ. 'பேக் டு தி ஃபியூச்சர்' படத்தில் வரும் டெலோரியன் காரின் டிசைனர்! ரெஜியோ எமிலியாவின் பாட்டில் கவிழ்த்த துலிப் பூ மாதிரி இருக்கும். இந்தப் பாட்டில்கள் இல்லையென்றால், கடைக்காரர் என்ன கதை சொன்னாலும் அது திரதித்ஸியோனாலே இல்லை.

இரண்டு, மொடெனா பால்சாமிக் வினிகர் - ஐ.ஜி.பி முத்திரை: திராட்சைச் சாறோடு வைன் வினிகர் கலந்தது. மரத்தில் 60 நாள் இருந்தாலே போதும். 'இன்வெக்கியாத்தோ' என்றிருந்தால் குறைந்தது 3 வருஷம். 2 சதவிகிதம் வரை கேரமல் சேர்க்கவும் அனுமதி உண்டு. தினசரி சாலட்டுக்கு இது தாராளமா போதும். பொருட்கள் பட்டியலில் திராட்சைச் சாறு முதலில் இருந்தால் இனிப்பும் கெட்டியும் கூடுதல், வினிகர் முதலில் இருந்தால் புளிப்பு கூடுதல்.

மூன்று, கண்டிமென்டோ, கிளேஸ் மாதிரியான பாட்டில்கள்: சிலது அருமையாக இருக்கும், சிலது மாவும் சர்க்கரையும் போட்டுக் கெட்டியாக்கிய பாகு. பின்பக்க லேபிளைப் படிக்காமல் கண்டுபிடிக்க முடியாது. பாட்டிலின் முன்னாடி தனியாக நிற்கும் 6, 12, 25 போன்ற எண்களை வருஷம் என்று நீங்களாக முடிவு பண்ணிக்காதீங்க.

என்ன வாங்கலாம்?

பட்ஜெட் குறைவா? புது சீசன் எக்ஸ்ட்ரா வெர்ஜினில் உங்களுக்குப் பிடித்தது ஒரு சின்ன பாட்டில், ஐ.ஜி.பி பால்சாமிக் ஒன்று. போதும். டேங்கிலிருந்து பிடித்துக் கொடுத்தால் அடர் நிறப் பாட்டில் கேளுங்க. வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் எண்ணெய்க்கு எதிரி. அடுப்புப் பக்கத்தில் வைக்காமல் இருட்டு அலமாரியில் வைத்து, திறந்த ஓரிரு மாதத்தில் தீர்த்துவிடுங்க. 'நல்ல நாளுக்கு' என்று எடுத்து வைத்தால் வீணாவதுதான் மிச்சம்.

பூரி, வடை பொரிக்க இந்த எண்ணெய் வேண்டாம், கொடுத்த காசுக்கான வாசனை ஆவியாகப் போய்விடும். ரொட்டி மேல், வெந்த காய்கறி மேல், சூப் மேல் கடைசியாக ஊற்றிப் பாருங்க.

திரதித்ஸியோனாலே வாங்க வசதி இருந்தால் வாங்குங்க. அதை அடுப்பில் ஏற்றவே கூடாது. பார்மிஜானோ சீஸ், ஸ்ட்ராபெர்ரி, வெனிலா ஐஸ்கிரீம் மேல் நாலே நாலு சொட்டு. எண்ணெய் மாதிரி இதற்கு அவசரமும் இல்லை, ஒரே பாட்டில் மாதக்கணக்கில் வரும். இன்னொரு வசதி, 100 மில்லி என்பதால் விமானத்தில் திரவங்களுக்கான பொதுவான கேபின் வரம்புக்குள் வந்துவிடும். எண்ணெய் பாட்டிலை செக்-இன் பெட்டியில் துணிக்கு நடுவில் சுற்றி வையுங்க.

ருசி பார்த்துவிட்டு ஒண்ணுமே வாங்காமல் வந்தாலும் தப்பில்லை. 'தேங்க்ஸ், யோசிக்கிறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். என்னோட '25' பாட்டில் இன்னும் கிச்சனில்தான் இருக்கு. சாலட்டுக்கு நல்லாவே இருக்கு. என்ன, அதுக்கு நான் கொடுத்த விலையில் இரண்டு நல்ல ஐ.ஜி.பி பாட்டில் வந்திருக்கும்!